காணாத காற்றின் கணக்கு

2020-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 24-ந் தேதி, சீனர்களுடைய வருஷப் பிறப்புக்கு முந்திய தினம். நம் பெரியவர்கள் காண்டன் என்று அறிந்திருந்த குவாங்சௌ நகரத்தில், ஒரு போஜன சாலையின் மூன்றாம் மாடியில், ஒருவரையொருவர் அறியாத மூன்று குடும்பத்தார் அடுத்தடுத்த மூன்று மேஜைகளில் அமர்ந்து பகலுணவு அருந்தினார்கள். அவர்களில் ஒரு குடும்பம் முந்திய நாள்தான் வூஹானிலிருந்து வந்திருந்தது. அக்குடும்பத்தில் ஒருவருக்கு அன்றைக்கே சுரம் கண்டது. சில நாட்களுக்குள் மூன்று குடும்பங்களிலுமாக 10 பேர் கொரோனா நோயில் படுத்தார்கள்.

அன்று அந்த மாடியில் உண்டவர்கள் மொத்தம் 83 பேர். மற்ற 73 பேருக்கும், பரிமாறிய சிப்பந்திகளுக்கும் ஒன்றும் நேரவில்லை. குடும்பத்தார் ஒருவரையொருவர் நெருங்கிப் பழகியதாகக் காமிராப் படங்களிலும் தெரியவில்லை. பின்னே நோய் எந்த வழியாகப் போயிற்று?

ஹாங்காங் சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் யூகோ லி என்பவரும் அவருடைய சகாக்களும் இந்தக் கேள்விக்கு விடை தேட இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். அதே கூடத்தில் அடையாள வாயு ஒன்றை விட்டு, அது எங்கெங்கே செல்கிறது என்று அளந்தார்கள். அதே கூடத்தைக் கம்ப்யூட்டரில் கணக்காகவும் கட்டிப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே கதையைச் சொல்லின. ஜன்னல் இல்லாத அந்த மாடியில் குளிர்சாதன யந்திரம் ஒன்று அந்த மூன்று மேஜைகளின் மேலும் ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுழற்றிக் கொண்டிருந்தது. ஆற்று வெள்ளத்தில் ஒரு சுழி அகப்பட்ட துரும்பை விடாமல் சுற்றுவதில்லையா, அதைப் போல. வெளியிலிருந்து வந்த புதுக் காற்றோ ஆளொன்றுக்கு விநாடிக்குச் சுமார் 1 லிட்டர்தான்.

கம்ப்யூட்டரில் கூடத்தைக் கட்டுவதாவது என்ன என்று நேயர்கள் கேட்கலாம். அறையிலுள்ள காற்றை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எவ்வளவு வேகமாக எத்திசையில் போகிறது, அதன் உஷ்ணம் என்ன என்று குறித்துக்கொண்டு, அடுத்த கணத்தில் அண்டைக் கட்டங்களின் தள்ளுதலால் அது என்ன ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். பிறகு அதற்கடுத்த கணம். இதற்கு வேண்டிய சமன்பாடுகள் புதியவை அல்ல. பிரெஞ்சுக்காரர் நாவியே 1822-லும், அவருக்குப் பின் ஸ்டோக்ஸ் என்பவரும் வகுத்தவை. கணக்குப் போடக் கைகள் தான் போதவில்லை. 1922-ல் ரிச்சர்ட்ஸன் என்ற ஆங்கிலேயர், உலகத்தின் வானிலையை இம்மாதிரி கணக்கிட 64,000 மனிதர்கள் ஒரு பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து கூட்டிப் பெருக்க வேண்டுமென்று கற்பனை செய்தார். அக்காலத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கே கணக்குப் போடும் ஆள் என்றுதான் பொருள்.

ஜப்பானியர்களிடம் இப்போது அந்த மண்டபத்திற்கு மேற்பட்டதே இருக்கிறது. கோபே நகரத்திலுள்ள ரிகென் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் ஃபுகாகு, 2020 ஜூன் மாதத்தில் உலகிலேயே வேகம் மிக்க யந்திரமாக எண்ணப்பட்டது; விநாடிக்கு 4,000 கோடி கோடிக்கு மேற்பட்ட கணக்குகளைச் செய்யும். அது முழு உபயோகத்திற்கு வருமுன்பே, மகோதோ ட்ஸுபோகுராவும் அவருடைய கோஷ்டியாரும் அதைக் கொண்டு ரயில் வண்டி, ஆபீஸ், உணவு விடுதி முதலியவற்றில் எச்சில் துளிகள் பறக்கும் விதத்தைக் கணக்கிட்டார்கள். முகத்துக்கு முன் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை மாட்டிக்கொண்டு அபாயம் நீங்கியது என்றிருந்தவர்களுக்கு அது துயரச் செய்தியையே சொல்லிற்று: மிக நுண்ணிய துளிகள் ஏறக்குறைய யாவும் தகட்டின் ஓரமாகத் தப்பி விடுகின்றன. நான்கு பேர் அமரும் மேஜையில், நோயாளி தம் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிப் பேசினால், எதிரில் இருப்பவரிடம் பேசும்போது போய்ச் சேருவதைப் போல் ஐந்து மடங்கு துளிகள் அவரைச் சேருமாம். குறுக்கு மூலையில் இருப்பவருக்கு எல்லாரிலும் குறைவு. உலர்ந்த அறையில் நுண்துளிகள் அதிகமாக மிதக்கும் என்பதும் தெரிய வந்தது.

இத்தனைக்கும் நாம் இந்தப் படங்களைக் கண்டு மயங்குவதற்கில்லை. சிவப்பும் நீலமுமாகத் துளிகள் பறக்கும் காட்சி கண்ணெதிரே நடந்ததைப் போலவே தோன்றுகிறது, அதுதான் சங்கடம். நோயாளி ஒரு மூச்சில் எவ்வளவு கிருமியை விடுகிறார், எவ்வளவு உட்சென்றால் மற்றவர் நோயில் விழுவார் என்பவற்றை யந்திரம் தானாக அறியாது. மனிதன் உத்தேசமாகக் கொடுக்கும் எண்ணைத்தான் அது வாங்கிக்கொள்ளும். ஆகையால் ஜன்னலைத் திறப்பது நல்லதா, தகட்டை மாட்டுவது நல்லதா என்று ஒப்பிட்டுக் கேட்டால் அதன் பதிலை நம்பலாம். இந்த அறையில் இன்னாருக்கு நோய் வருமா என்று கேட்டால் நம்பலாகாது. குவாங்சௌ ஆராய்ச்சியை நாம் பெரிதும் மதிப்பதற்குக் காரணம், கணக்கை அந்தக் கூடத்தின் மெய்யான காற்றோடு ஒத்துப் பார்த்ததேயாகும்.

இதெல்லாம் வெறும் பண்டித விவகாரமாயிருந்தால் நாம் எடுத்துப் பேசியிருக்க மாட்டோம். 2020 மார்ச் 28-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம், இந்நோய் காற்றில் மிதந்து பரவுவதல்ல என்று திட்டமாக அறிவித்தது. ஜூலை மாதத்தில் 239 விஞ்ஞானிகள் ஒன்றுகூடி அதை மறுத்து வேண்டுகோள் விடுத்தார்கள். ஸ்தாபனம் மெள்ள மெள்ளவே வழிக்கு வந்தது. அதற்குள் உலகெங்கும் ஜனங்கள் மேஜையைத் துடைத்தார்கள், காய்கறியைக் கழுவினார்கள், மூடிய அறைகளில் தூரம் விட்டு உட்கார்ந்து ஒரே காற்றைச் சுவாசித்தார்கள். கை கழுவுவதைக் குறை கூறவில்லை; காற்றை மறந்ததைத்தான் கூறுகிறோம். நுண்துளிகள் உலர்ந்து வெகு நேரம் மிதக்கும் என்று வெல்ஸ் என்ற அமெரிக்கர் 1934-லேயே எழுதியிருந்தார்!

நம் வீடுகளிலும் கல்யாண மண்டபங்களிலும் குளிர்சாதனப் பெட்டி மலிந்து வருகிறது. சுவரில் தொங்கும் சாதாரணப் பெட்டி வெளிக் காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. ஆளொன்றுக்கு விநாடிக்கு 10 லிட்டர் புதுக் காற்று வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் கூறிய அளவு. முகூர்த்தத்துக்கு மண்டபம் பேசப் போகும் வீட்டார், சமையற்கட்டையும் மணவறையையும் பார்த்த பிறகு, ஜன்னல்கள் எத்தனை, அவற்றில் திறக்கக் கூடியவை எத்தனை என்றும் ஒரு வார்த்தை கேட்டு வரலாம்.