கிறுக்கலென்று கிழிக்காதீர்!

மாணவப் பருவத்தில் தாம் வரைந்த ஓவியம் பெட்டியின் அடியிலிருந்து வெளிப்பட்டால் நம்மவர் நகைப்பர். இல்லையேல் பிள்ளைகள் காணுமுன் கிழித்தெறிவர். 'அறியாப் பருவத்துக் கிறுக்கல்' என்பர். அறியாமை எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதே என் வழக்கு.

தோட்டப் பள்ளியில் படித்த காலத்து ஓவிய ஏடு ஒன்று என்னிடம் உண்டு. அதில் ஒரு பக்கத்தில் இரண்டு முக்கோண மலைகள், நடுவே கதிரவன், வளைந்தோடும் ஆறு, புகைபோக்கி வைத்த வீடு. கரும்பலகையைப் பார்த்து வரைந்தது, நட்சத்திரம் பெற்றது. இன்னொரு பக்கத்தில் பால்மரம். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரியும் வெட்டு, அதன் முனையில் பீலி, கீழே கம்பியில் மங்கு. அதற்குக் கிடைத்தது 'துப்புரவில்லை' என்னும் சிவப்பு மை.

பால்மரத்தை அப்படித்தான் வெட்டுவர். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து ஏறுவதால், இடமிருந்து வலமாகச் சரியும் வெட்டே மிகுதியான குழாய்களை அறுக்கும். இதை எந்தப் பாடநூலும் எனக்குக் கற்பிக்கவில்லை. விடியலில் தாயின் பின்னே நிரைநிரையாக நடந்த கண் கற்றது. சிவப்பு மைக்கு அது தெரியவில்லை.

முக்கோண மலையோ முழுப்பொய். தைப்பூசத்திற்குக் கல்லுமலைக்குப் போகாத ஈப்போப் பிள்ளை உண்டா? செங்குத்தாய் எழுந்து, வெள்ளையும் துருநிறமுமாய்ப் பாறை தெரிய, குகைகள் வாய்திறந்து, உச்சியில் செடிகொடி அடர்ந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் மலை! அதைக் கண்ணாரக் கண்ட பிள்ளை, வகுப்புக்கு வந்து அளவுகோல் வைத்து முக்கோணம் போடுகிறது. புள்ளி அதற்குத்தானே கிடைக்கிறது! குளிர்காய வேண்டாத நாட்டில் புகைபோக்கி வேறு.

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓவியர் பவுல் கிளே 1911இல் தம் படைப்புகளுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கினார். சிறுவயதில் வரைந்தவற்றுள் பதினெட்டை அதில் சேர்த்தார். பள்ளியிலும் கலைக்கழகத்திலும் பயிற்சிக்காக வரைந்தவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கினார். நாம் செய்வதற்கு நேர்மாறு! பிக்காசோவின் இளமைக்கால ஓவியங்களும் பாடநூல் ஓரத்துக் கிறுக்கல்களும் அவர் குடும்பத்தாரால் காக்கப்பட்டு, இன்று பார்சிலோனா அருங்காட்சியகத்தில் உள்ளன. நம் பிள்ளைகள் எல்லாரும் பிக்காசோவா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால், அவர்கள் பார்த்ததைப் பிக்காசோ பார்க்கவில்லையே.

பேராக்கில் எத்தனை தோட்டங்கள் துண்டாடப்பட்டன, எத்தனை செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின என்பது இங்கு வாழ்வோர்க்குத் தெரியும். லயம், பிரட்டுக்களம், ஆயாக்கொட்டகை எல்லாம் பெயராய்க் கரைகின்றன. நிழற்படக் கருவி அன்று தொழிலாளி வீட்டில் ஏது? கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் எடுத்த படம் இருக்கலாம். காண்டாவாளி சுமந்த தோளை யார் படமெடுத்தார்? எடுத்தவர் பிள்ளைதான், வண்ணக்கட்டியால். அந்தத் தாள்களைத்தான் ஆண்டிறுதித் துப்புரவுப் பணியில் தீயிட்டோம்.

'தேர்வுக்கு வராத பாடம்' என்று சொல்லி ஓவிய வேளையைக் கணிதத்திற்குக் கடன் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை. 1988இல் வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. அந்தச் சாக்கும் போயிற்று. இன்றோ இணையத்திலிருந்து இறக்கிய கோட்டுப்படத்தை அச்சிட்டுக் கொடுத்து, கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டச் சொல்கிறோம். முப்பது பிள்ளைகள், முப்பதும் ஒரே பட்டாம்பூச்சி. இவற்றை எரித்தால் நான் வருந்தமாட்டேன்.

ஆசிரியப் பெருமக்களிடம் நான் கேட்பது பெரிதன்று. ஆண்டுக்கு மூன்று ஓவியங்கள், பிள்ளை தானே கண்டு வரைந்தவையாக. ஒவ்வொன்றின் பின்புறமும் பெயர், நாள், ஊர், இது என்னவென்று பிள்ளை தன் வாயால் சொன்ன இரண்டு வரி. ஒரு கோப்பு போதும். வைக்க இடமில்லை என்பீராயின், உங்கள் பள்ளியில் வெற்றிக் கிண்ணங்களுக்கு எத்தனை கண்ணாடி அலமாரிகள் உள்ளன என்பதை எண்ணிவிட்டு மறுமொழி எழுதுங்கள்.