சாலைக்கு வண்டியா, வண்டிக்குச் சாலையா?

கோடை பிறந்தால் கொடைக்கானல் மலைச் சாலையில் மோட்டார்கள் எறும்புச் சாரியாக ஊர்கின்றன. உடனே ஒரு கோஷமும் கிளம்பிவிடுகிறது: "மலையை வெட்டு, சாலையை அகலமாக்கு!" கோஷம் போடுகிறவர்கள் பெரும்பாலும் வருஷத்தில் இரண்டு நாள் மலையேறுகிற கனவான்கள். அந்த இரண்டு நாளில் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க அவர்களுக்கு மலையின் விலாவில் ஒரு பகுதி வேண்டியிருக்கிறது.

வத்தலக்குண்டுப் பக்கமிருந்து ஏறும் இந்தச் சாலைக்கு, அதை வகுத்த லா என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் பெயரையே வைத்தார்கள். மலை எங்கே இடம் கொடுத்ததோ அங்கே வளைந்து போகும் பாதை அது. ஒரு வளைவில் பள்ளத்தாக்கு, மறு வளைவில் காப்பித் தோட்டம், ஊரை நெருங்கும்போது வெள்ளி அருவி. இவற்றைப் பார்க்கத்தானே ஐயா வருகிறோம்? பார்க்க வந்த காட்சியை வெட்டி எறிந்துவிட்டுச் சீக்கிரமாகப் போய் எதைப் பார்ப்பது?

சாலையைச் சீரமைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவசியம் சீரமைக்க வேண்டும். ஆனால் வியாதி என்ன என்று தெரிந்துகொண்டு மருந்து கொடுக்க வேண்டும். மலைச் சாலைக்கு முதல் எமன் தண்ணீர். மலையோரச் சாக்கடையிலும் பாலத்துக் குழாயிலும் மண்ணும் குப்பையும் அடைத்துக்கொண்டால், மழைநீர் சாலைக்கு மேலேயும் தாங்கு சுவருக்குப் பின்னாலேயும் தேங்குகிறது. சுவர் வயிறு தள்ளுகிறது. பிறகு ஒரு ராத்திரி சரிகிறது. அகலப்படுத்துகிறேன் என்று சரிவின் அடியை வெட்டினால், மேலே இருக்கும் மண் எதன்மேல் நிற்கும்? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்த மலை வழிகளில் மரமும் மண்ணும் விழுந்து போக்குவரத்து நின்றதை மலைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

"ஆம்புலன்ஸ் போக வேண்டாமா? காய்கறி லாரி போக வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவை போவதற்குத்தான் சொல்கிறேன். குறுகலான சாலையில் நோயாளி தாமதமாகவாவது போய்ச் சேருவார். சரிந்து போன சாலையில் போகவே முடியாது. குறித்த இடங்களில் வண்டி ஒதுங்க இடம், உறுதியான கைப்பிடிச் சுவர், தூர்ந்து போகாத சாக்கடை: இவை போதும்.

அமெரிக்காவில் மான்டானா மாகாணத்துப் பனிமலைத் தேசியப் பூங்காவில் சுமார் 50 மைல் நீளமுள்ள மலைச் சாலை ஒன்று இருக்கிறது. 1933 இல் திறந்தது. இந்த நூற்றாண்டில் அது பழுதானபோது, பணத்துக்கும் யந்திரத்துக்கும் பஞ்சமில்லாத அந்தத் தேசத்தார் மலையைக் குடைந்து அகலமாக்கவில்லை. பழைய கல் சுவர்களைப் பழைய மாதிரியே செப்பனிட்டார்கள். 21 அடிக்கு மேல் நீளமும் 8 அடிக்கு மேல் அகலமும் உள்ள வண்டிகளை மலையின் உயர்ந்த பகுதிக்கு விடுவதில்லை. சாலைக்குத் தக்க வண்டி என்பது அவர்கள் கணக்கு.

நம்மிடமும் அந்தக் கணக்கு இல்லாமலில்லை. 2024 மே மாதம் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரநாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 என்று சென்னை உயர்நீதிமன்றம் வரம்பு கட்டியது. ஊர் தாங்குவது இவ்வளவுதான் என்று நீதிமன்றமே அளந்து சொன்ன பிறகு, வழியை மட்டும் விரிப்பது என்ன புத்தி? குடம் பெருக்காமல் வாயை மட்டும் பெரிதாக்கினால் தண்ணீர் அதிகம் பிடிக்குமா?

திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. வரைபடத்தில் முதல் கோடு தண்ணீர் போகும் வழியாக இருக்கட்டும். இரண்டாவது, அங்கே வருஷம் முழுவதும் வசிக்கிறவன் நடக்கும் வழி. சுற்றுலாப் பயணியின் மோட்டார் மூன்றாவதாக வரட்டும். அவனுக்கு அவசரமென்றால் சமவெளியில் நான்கு தடச் சாலைகள் நிறைய இருக்கின்றன.