வீட்டோடு மாப்பிள்ளை மகாராஜா

பட்டத்து யானை தெருவோடு போகிற ஒருத்தன் கழுத்தில் மாலையைப் போடும், அவன் ராஜாவாகிவிடுவான். பாட்டிமார்கள் அத்தோடு கதையை முடித்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்கள். மறுநாள் காலையில் அவனை மந்திரி மதித்தாரா, காவல்காரன் எழுந்து நின்றானா? கேட்டால், 'பேசாமல் தூங்குடா!'

அந்த மறுநாள் சமாசாரத்தை மேகன் வேலன் டர்னர் என்கிற அமெரிக்கப் பெண்மணி எழுதியிருக்கிறார். 1996-ல் 'தி தீஃப்' என்று ஆரம்பித்து 2020 வரை மொத்தம் ஆறு நாவல்கள். பழைய கிரேக்கச் சாயலில் மூன்று கற்பனை ராஜ்யங்கள். அவற்றை விழுங்கக் காத்திருக்கும் பெரிய சாம்ராஜ்யம் ஒன்று. ஹீரோ யூஜெனிடிஸ், எடிஸ் நாட்டு ராணியின் ஆஸ்தானத் திருடன். ஆமாம் ஸார், அரண்மனை உத்தியோகம்தான். தாத்தாவும் அதே போஸ்ட்!

இரண்டாவது நாவலில், பக்கத்து நாடான அட்டோலியாவின் ராணியிடம் மாட்டிக்கொள்கிறான். அவள் அவனுடைய வலது கையை வெட்டச் சொல்லிவிடுகிறாள். திருடனுக்குக் கைதானே முதல்? முதலே போயாச்சு. ஆனால் ஆசாமி ஒற்றைக் கையோடு திரும்பி வந்து, அந்த ராணியையே திருடி, கல்யாணமும் பண்ணிக்கொள்கிறான். (இதைவிட வில்லங்கமான பெண் பார்க்கும் படலத்தை நான் படித்ததில்லை.)

கிரீடம் கிடைத்தது, சுபம் என்கிறீர்களா? அங்கேதான் 2006-ல் வந்த 'தி கிங் ஆஃப் அட்டோலியா' ஆரம்பமாகிறது. புது ராஜா வெளியூர்க்காரன். நேற்று வரை எதிரி. வீட்டோடு மாப்பிள்ளை வேறு. கூட இருக்கிற பிரபு வீட்டுப் பிள்ளைகளே கேலி செய்கிறார்கள். காஸ்டிஸ் என்கிற காவல் வீரன் ஒருநாள் முகத்தில் ஒரு குத்தே விட்டுவிடுகிறான். தலையை வாங்கியிருக்கலாம். வாங்காமல், அவனைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறான் ராஜா.

இத்தனை கெட்டிக்காரன் ஏன் அசடு மாதிரி சபையில் தூங்கி வழிகிறான்? அவன் ஆசைப்பட்டது ராணிக்கு. சிம்மாசனம், கூட வந்த சீதனம். தவிர, திருடனின் சாமர்த்தியமெல்லாம் யார் கண்ணிலும் படாமல் இருப்பதில். ராஜாவின் வேலையே எல்லார் கண்ணிலும் படுவது. பழைய தொழிலின் புத்தி புது நாற்காலிக்கு உதவாது. என் பி.காம். மூளைக்குக் கணக்கு இப்படித் தெரிகிறது: வரவு, கிரீடம் ஒன்று. செலவு, வலது கையும், இருட்டில் இஷ்டப்படி திரிகிற சுதந்திரமும்.

கடைசியில் ஒளிய முடியவில்லை. மரக்கத்தியை இடது கையில் பிடித்துக்கொண்டு, கேலி செய்த காவல்படையோடு பட்டப்பகலில் மோதிக் காட்ட வேண்டியிருக்கிறது. வரிசையாக வந்து தோற்றவர்கள் அப்புறம்தான் மனசார வணங்குகிறார்கள். மாலையை யானை போட்டுவிடலாம். மரியாதையை ஆள் ஆளாகத்தான் வசூல் பண்ண வேண்டும்.

ஆகவே, புது மானேஜர்களே, புது மாப்பிள்ளைகளே! முதல் மாசம் கொஞ்சம் தூங்கி வழிந்தால் தப்பில்லை. ஆனால் இடது கையால் கத்தி சுற்றப் பழகிக்கொண்டு தூங்கவும்.