அந்தப் புல்லுக்கு இவ்வளவு வக்காலத்தா?

கோவிலுக்குப் பின்னால அட்டைப் பெட்டிகளைப் பரப்பி வச்சிருக்கிறதைப் படம் பிடிச்சு, "கோவிலைக் குப்பைமேடு ஆக்கிட்டாங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டவருக்கும், கைதட்டியவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

அது குப்பை இல்லைங்க, நந்தவனத்துக்கான வேலை. அறிவிப்புப் பலகை வைக்காதது எங்க தப்பு. ஒத்துக்கிறேன்.

அந்தப் புல்லால யாருக்கு என்ன பலன்? மாசம் ரெண்டு தடவை ஆள் வச்சு வெட்டக் காசு கொடுக்கிறோம். வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பூவையும் காசு கொடுத்து வாங்குறோம். மல்லிகை இந்தியாவிலிருந்து விமானத்துல வருது, சரி. வேலியோரம் சும்மா வளர்ற நந்தியாவட்டையைக் கூடவா கடையில வாங்கணும்? செம்பருத்தி 1960-லிருந்து இந்த நாட்டுத் தேசிய மலர். நம்ம அம்பாளுக்கு வைக்க ஒரு செடி கோவில்ல இல்லை!

"மருந்து அடிச்சா ஒரு வாரத்துல முடிஞ்சிடும்" என்கிறார் ஓர் அண்ணன். என் அம்மா செம்பனைத் தோட்டத்தில் மருந்து பம்பை முதுகில் சுமந்தவர். கையுறை கிடையாது. விரல் நகமெல்லாம் கறுத்து உரிஞ்சதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அன்று தோட்டங்களில் அடிச்ச பாராகுவாட்டை 2020-ல்தான் இங்கே தடை செஞ்சாங்க. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுற, சாமிக்குப் பூ பறிக்கப் போற மண்ணில் எந்த மருந்தும் வேண்டாம். சிமெண்டும் வேண்டாம், மத்தியானம் கால் வைக்க முடியாது.

கொத்திப் பார்க்காமலும் இல்லை. கோத்தோங் ரோயோங் வச்சு மண்வெட்டியால் கொத்தினோம். இது தரையோடு கொடி ஓடுற புல். கணுவோடு ஒரு துண்டு விட்டாலும் வேர் பிடிச்சிடும். ஒரே மாசத்துல திரும்பப் பச்சை.

அதனால்தான் அட்டை. புல்லை ஒட்ட வெட்டி, டேப்பையும் கம்பியையும் பிடுங்கிட்டு, ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறுற மாதிரி அட்டையைப் போட்டு நனைச்சு, மேலே காய்ந்த இலை கொட்டணும். வெளிச்சம் இல்லாம புல் சாகும், அட்டை மக்கி மண்ணாகும். ரெண்டு மூணு மாசம் பொறுக்கணும், அவ்வளவுதான். கான்வாஸ் போட்டா மழைத்தண்ணி தேங்கி ஏடிஸ் கொசு வரும், அதனால அது இல்லை. கரையான் பயத்தால் தேர்க்கொட்டகை ஓரம் மட்டும் அட்டை போடாம கையாலேயே பிடுங்குறோம். அரளி வைக்கணும்னு கேட்டதே நான்தான். முழுச் செடியும் விஷம், சின்னப் பிள்ளைகள் வாயில வச்சிடும்னு அக்காமார் சொன்னதும் விட்டுட்டேன்.

ஞாயிறு காலை 7 மணிக்கு மீதிப் பாதியை மூடுறோம். பளபளப்பு இல்லாத பழுப்பு அட்டை இருந்தா கொண்டு வாங்க. வீட்ல நந்தியாவட்டை இருந்தா நாலு குச்சி வெட்டி இப்பவே பையில நட்டு வைங்க, குழி தோண்டும்போது வேர் விட்டிருக்கும். படம் எடுத்தவரும் வரலாம். மண்வெட்டி கூடுதலாவே இருக்கு.