மரமஞ்சள்: நடுகிறவருக்கு என்ன உத்தரவாதம்?

நாட்டு மருந்துக் கடைகளில் மஞ்சள் நிறக் கட்டைத் துண்டுகளாக விற்கும் மரமஞ்சள், மஞ்சள் கிழங்கின் இனம் அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும் இலங்கையின் ஈரக்காடுகளிலும் பெரிய மரங்களைப் பற்றி ஏறும் கொடி அது. சீந்தில் குடும்பத்தைச் சேர்ந்தது. கட்டையிலுள்ள பெர்பெரின் என்ற பொருளே அந்த நிறத்துக்குக் காரணம்.

இந்தியாவில் இக்கொடி அழியும் தறுவாயில் இருக்கிறது. வெட்டுவோரின் பேராசையோடு கொடியின் இயல்பும் சேர்ந்துகொண்டது. இதில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பூத்துக் காய்க்க ஏறத்தாழ 15 ஆண்டுகள் பிடிக்கும். தடித்த கொடியில்தான் கட்டை தேறும் என்பதால், காய்க்கும் பருவத்தில் அடியோடு வெட்டிவிடுகிறார்கள். தப்பி நிற்கும் கொடிக்குப் பக்கத்தில் துணையில்லை. பூத்தும் விதை பிடிப்பதில்லை.

ஆகவே தோட்டங்களில் வளர்க்க வேண்டும் என்கிறார்கள். சொல்வது சுலபம். நிலத்தை இதற்கென்றே ஒதுக்கி 15 ஆண்டு காத்திருக்க எந்தச் சிறு விவசாயியால் முடியும்? மூலிகையில் லட்சக்கணக்கில் லாபம் என்று ஆசை காட்டுவோரை இந்த விஷயத்தில் நம்பவே கூடாது. குமரி மாவட்டத்து மலையடிவாரம் போல மழை மிகுந்த இடங்களில், ஏற்கெனவே நிற்கும் பலா, அயினி மரங்களில் நாலைந்து கொடிகளை ஏற்றிவிடலாம். அதற்குமேல் போக வேண்டியதில்லை. நிழலும் ஈரமும் இல்லாத மானாவாரிக் கரிசலுக்கு இது ஏற்றதன்று.

கன்றை நாற்றுப் பண்ணையில்தான் வாங்க வேண்டும். காப்புக்காட்டில் பிடுங்குவது குற்றம். காட்டைக் காக்க நடுகிறோம் என்பதற்கும் அர்த்தமில்லாமல் போகும். விதைக்கன்றில் ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. ஒற்றைக் கொடியாக நடாமல் பலவாக நடுவது அதற்காகத்தான்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட பல்லுயிர்ச் சட்டம், பயிரிட்ட மூலிகைக்குப் பிறப்பிடச் சான்று தர வழி வகுத்திருக்கிறது. அந்தச் சான்றுக்கான பதிவை, கன்று நடும் அன்றே உள்ளாட்சி அளவிலான பல்லுயிர் மேலாண்மைக் குழு முடித்துக் கொடுக்க வேண்டும். கட்டை வாங்கும் மருந்துக் கம்பெனிகளும் குறைந்தபட்ச விலையை முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். இல்லாவிட்டால், தன் பலா மரத்துக் கொடியை வெட்டி எடுத்துப்போகும் விவசாயியைச் செக்போஸ்டில் நிறுத்தி, எந்தக் காட்டில் திருடினாய் என்று கேட்பார்கள். நட்டதற்கு ஒரு ரசீதுகூட அவர் கையில் இருக்காது.