டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய பதினான்கு நாள்

மாரடைப்பு வந்தவரைக் காப்பாற்றும் திறமை பினாங்குக்கு உண்டு. ஜார்ஜ்டவுன் ரெசிடென்சி சாலையிலுள்ள பொது மருத்துவமனையில் இருதயப் பிரிவும் இருதய அறுவைப் பிரிவும் இயங்குகின்றன. தீவில் வசிப்பவர்களோடு, பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கே வந்து சேருகிறார்கள். ஆனால் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்து உயிரை மீட்டாலும், அதற்குள் செத்துப்போன இதயத் தசை மீண்டும் முளைப்பதில்லை. அப்படிப் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயச் செயலிழப்பு நோயாளிகளாகத் திரும்பி வருகிறார்கள். மாரடைப்பு மருத்துவம் முன்னேற முன்னேற இந்த வரிசையும் நீளத்தான் செய்யும்.

மலேசியாவில் அவசரமாக மருத்துவ வார்டில் சேர்க்கப்படுவோரில் 6 முதல் 10 விழுக்காட்டினர் இதயச் செயலிழப்பு நோயாளிகள் என்கிறது தேசிய சிகிச்சை வழிகாட்டி. வீடு திரும்புவோரில் சுமார் கால்வாசிப் பேர் 30 நாளுக்குள் மறுபடியும் அதே வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவமனையின் சுமை என்று எதைச் சொல்கிறோமோ, அதன் மையம் இந்த இரண்டாவது வருகையில்தான் இருக்கிறது.

வருபவர்கள் தள்ளாத முதியவர்கள் என்று நினைத்தால் தவறு. மலேசியாவும் பங்கேற்ற ஆசிய ஆய்வொன்று 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கணக்கெடுத்தது. அவர்களின் சராசரி வயது 60. மேலை நாட்டு நோயாளிகளைவிட இது ஏறத்தாழப் பத்து வயது குறைவு. மலேசியாவில் குறைந்தபட்ச ஓய்வு வயதும் அதே 60தான். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் முடிவதற்குள்ளேயே பலருக்கு இதயம் தளர்ந்துவிடுகிறது.

தமிழர்கள் இதைக் கூடுதல் கவலையோடு படிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4. அதாவது மூவரில் ஒருவரை நெருங்குகிறது. 2023-இல் நாட்டுச் சராசரி 15.6 ஆகக் குறைந்தது ஆறுதல்தான். ஆனால் பல ஆண்டுகளாக இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் சேர்ந்து கெடுத்த இரத்தக் குழாய்கள் ஓர் ஆய்வறிக்கையால் சரியாகிவிடாது.

கட்டணத்தை மட்டும் பார்த்தால் அரசு மருத்துவமனை ஏழைக்கு எட்டும் இடம்தான். மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளொன்றுக்கு மூன்று வெள்ளி. நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி. குடும்பத்தை அழுத்துவது வேறு செலவு: கிளினிக் நாளில் போகும் சம்பளம், பாலம் கடந்து வரும் கிராப் கார், துணைக்கு விடுப்பு எடுக்கும் மகள். அரசின் பங்கும் சிறியதல்ல. 2017-இல் நீரிழிவு, இதய நோய்கள், புற்றுநோய் ஆகிய மூன்றின் நேரடி மருத்துவச் செலவு மட்டும் சுமார் 965 கோடி வெள்ளி என்று மதிப்பிடப்பட்டது. இதில் இதய, இரத்தக் குழாய் நோய்களின் பங்கு ஏறத்தாழ 390 கோடி.

அப்படியானால் நோயாளி ஏன் திரும்பி வருகிறார்? வார்டில் ஊசி மருந்தால் தண்ணீரை வடித்து, மூச்சைச் சீராக்கி, ஒரு பை நிறைய மாத்திரையோடு அனுப்புகிறார்கள். அடுத்த சந்திப்புக்குப் பல வாரங்கள் ஆகலாம். இடைப்பட்ட நாள்களில் அவர் தனி ஆள். அடிக்கடி சிறுநீர் வருகிறதென்று வெளியே போகும் நாளில் தண்ணீர் மாத்திரையை விட்டுவிடுகிறார். மூட்டுவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்குகிறார். அவற்றில் பல உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். பாரம்பரிய மருந்து என்று விற்கப்படுபவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. அதுவும் நீரைத் தேக்குவதே. சாப்பாட்டு உப்பு இன்னொன்று. மலேசியர் சராசரியாக நாளுக்கு 7.9 கிராம் உப்பு உண்பதாக 2017-18 ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனம் விதிக்கும் எல்லை 5 கிராம். நாசி கண்டார் குழம்பும் லக்சாவும் சாப்பிட்டு வளர்ந்த ஊரில் "உப்பைக் குறையுங்கள்" என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. குழம்பைத் தனியாகக் கேட்டு அளவாக ஊற்றுங்கள், கருவாட்டையும் ஊறுகாயையும் விடுங்கள் என்று தட்டைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

மருந்தில் வழி இல்லாமல் இல்லை. இன்று நான்கு வகை மருந்துகள் சேர்ந்து ஆயுளைக் கூட்டுகின்றன. நீரிழிவுக்கென்று வந்த டப்பாகிளிஃப்ளோசினும் அவற்றில் ஒன்றாகிவிட்டது. சிக்கல், அவற்றைச் சரியான அளவுக்கு உயர்த்துவதில் ஏற்படும் தாமதம். 2022-இல் வெளியான ஸ்ட்ராங் எச்எஃப் ஆய்வு 14 நாடுகளில் நடந்தது. டிஸ்சார்ஜ் ஆன இரண்டு வாரத்துக்குள் மருந்துகளை முழு அளவுக்கு உயர்த்தி, இரண்டு மாதத்தில் நான்கு முறை நேரில் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அல்லது இதயச் செயலிழப்பால் மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள் வழக்கமான சிகிச்சையில் 23.3 விழுக்காடு, இந்த முறையில் 15.2. புது மருந்து எதுவும் இல்லை, கவனம் மட்டுமே கூடியது. கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருவனந்தபுரம் சாட்சி: 2013-இல் 18 மருத்துவமனைகளில் பதிவான 1,205 நோயாளிகளில் ஐந்தாண்டுக்குள் 59 விழுக்காட்டினர் இறந்தார்கள்.

பினாங்கில் இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. சுகாதார கிளினிக்குகள் தீவெங்கும் உள்ளன. அமைச்சின் மருத்துவமனைகளில் மருந்தாளர்கள் நடத்தும் ஆலோசனை கிளினிக்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. அஞ்சலில் மருந்து அனுப்பும் ஏற்பாடும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் நாள் ஒரு தாதி போனில் கூப்பிட்டு, "காலையில நிறுத்துப் பார்த்தீங்களா அங்கிள்?" என்று தமிழிலோ ஹொக்கியனிலோ மலாயிலோ கேட்கும் ஏற்பாட்டை இவற்றோடு இணைக்க வேண்டும். மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினால் தண்ணீர் தேங்குகிறது என்று பொருள். மூச்சு முட்டுவதற்கு முன்பே மாத்திரையைக் கூட்டிச் சமாளித்துவிடலாம்.

இந்தோனேசியாவின் மேடானிலிருந்து விமானத்தில் வரும் நோயாளிகளுக்குப் பினாங்கின் தனியார் மருத்துவமனைகள் சிறந்த இதயச் சிகிச்சை தருகின்றன. அதில் பெருமைப்பட இடமுண்டு. ஆனால் ஒருமுறை செய்து முடிக்கும் சிகிச்சையில்தான் அந்தத் தொழிலின் பலம். ஆண்டுக்கணக்கில் தொடரும் இந்த நோயில் கைப்பணம் தீர்ந்த உள்ளூர்க்காரர் கடைசியில் போகும் இடம் அரசு வார்டு. எனவே தொடர் கவனிப்புக்கான தாதியரையும் மருந்தாளர்களையும் கூடுதலாக நியமிக்கும் பொறுப்பும் அரசுடையதே.

வேலை நடக்கிறதா என்று அறிய, 30 நாளில் திரும்பி வந்தோரின் எண்ணிக்கையை மருத்துவமனை வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அமெரிக்கா 2012 முதல், மறுசேர்க்கை மிகுந்த மருத்துவமனைகளுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு தரும் தொகையைக் குறைத்தது. மறுசேர்க்கை குறைந்தது, ஆனால் இதயச் செயலிழப்பு நோயாளிகளின் இறப்பு கூடியதாகப் பின்னர் சில ஆய்வுகள் காட்டின. சேர்க்க வேண்டியவரையும் சேர்க்காமல் அனுப்பினார்களோ என்ற ஐயம் எழுந்தது. ஆகவே இங்கே அபராதம் வேண்டாம். திரும்பி வந்தோர் கணக்கோடு வீட்டில் இறந்தோர் கணக்கும் சேர்ந்தே வெளிவரட்டும்.