கிகாஹேர்ட்ஸைப் பார்த்து லப்டொப் வாங்காதீங்கோ

செப்டெம்பரில் பல்கலைக்கழகம் தொடங்கும் அக்காவின் மகனோடு லப்டொப் வாங்கக் கடைக்குப் போனேன். "மாமா, இது 5.4 கிகாஹேர்ட்ஸ். உங்கட மெஷினை விட டபுள் ஸ்பீட்!" என்றான். விலைச்சீட்டிலும் அந்த எண்தான் பெரிதாக இருந்தது. விலையோ அக்காவின் ஒரு மாத ஓவர்டைம் காசு.

இந்த எண்ணை நம்பி இன்டெல் நிறுவனமே ஒருமுறை சூடுபட்டது. 2000ஆம் ஆண்டு 1.5 கிகாஹேர்ட்ஸில் வந்த பென்டியம் 4இன் வடிவமைப்பு, 10 கிகாஹேர்ட்ஸ் வரை போகும் என்று எதிர்பார்த்தார்கள். 2004இல் 4 கிகாஹேர்ட்ஸ் சிப்பையே கைவிட்டார்கள். 3.8உடன் அந்த ஓட்டம் முடிந்தது.

காரணம் சூடு. வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் ஏற்றவேண்டி வரும். மின்செலவு வேகத்தோடும் கூடும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். இரண்டையும் 20 சதவீதம் ஏற்றினால் மின்செலவு 70 சதவீதத்துக்கு மேல் எகிறும். அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும்.

தூரமும் ஒரு பிரச்சினை. 5 கிகாஹேர்ட்ஸில் ஒரு துடிப்பு நேரத்துக்குள் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் ஓடும். சிப்புக்குள் உள்ள மெல்லிய கம்பிகளில் சமிக்ஞை அதைவிட மிக மெதுவாகத்தான் போகும். பெரிய சிப்பில் அது ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போக முதலே அடுத்த துடிப்பு வந்துவிடும்.

அதனால்தான் 2005இலிருந்து வேகத்தை விட்டு, ஒரே சிப்பில் இரண்டு, நான்கு கோர் என்று போனார்கள்.

அப்ப இந்த 5.4 பொய்யா? பொய்யில்லை. ஆனால் அது ஓரிரு கோர்கள் கொஞ்ச நேரம் எட்டும் உச்சம். மெல்லிய லப்டொப்பில் சூடு ஏறினதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். அரை மணித்தியாலம் வேலை செய்தபின் எவ்வளவு வேகம் நிற்கும் என்று எந்தச் சீட்டிலும் இல்லை. அதையும் கடைகள் அச்சிட வேண்டும் என்பது என் கருத்து.

எண் பெரிதென்றால் சாமான் நல்லது என்று நினைப்பது எங்கட சனத்துக்குப் பழகிப்போச்சு. பிள்ளையின் மார்க்ஸைப் பார்க்கிற மாதிரி. வாங்க முதல், நீண்ட நேரம் ஓட்டிச் சோதித்த விமர்சனம் ஒன்றைத் தேடி வாசியுங்கோ. கூலிங் எப்படி, மெமரி எவ்வளவு என்று கேளுங்கோ.

நாங்கள் கடைசியில் வாங்கியது 4.6. கொஞ்சம் தடிப்பான லப்டொப். மிச்சக் காசில் மெமரியைக் கூட்டினோம்.